மான்டரேயிலிருந்து ஹிலோவுக்கு போனான்ஸா: இந்த பெட்ரோல் கணக்கு தேறுமா?

ரெக்கை36:
வணக்கம். வேலை மாற்றலாகி ஹவாய் போகிறேன். என் ஒற்றை இன்ஜின் விமானம் பீச்கிராஃப்ட் போனான்ஸா ஏ36-ஐ விற்க மனசு வரவில்லை, நானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். ஐ.எஃப்.ஆர் ரேட்டிங் (மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி) உண்டு. கலிஃபோர்னியா மான்டரேயிலிருந்து ஹவாயில் இருக்கும் ஹிலோவுக்கு நேராகப் போனால் ஏறக்குறைய 2,010 நாட்டிகல் மைல். கொஞ்சம் சுற்றினாலும் இருக்கட்டும் என்று 2,060 வைத்துக்கொண்டேன். 160 நாட் (மணிக்கு 160 நாட்டிகல் மைல்) வேகம், மணிக்கு 13 கேலன். 12 மணி 52 நிமிடம், 167 கேலன் ஆகிறது. இறக்கையில் 74 கேலன், கேபினில் இந்தப் பயணத்துக்கென்று வைக்கும் 110 கேலன் ஃபெர்ரி டாங்க், மொத்தம் 184. மிச்சம் 17 கேலன், அதாவது ஒன்றேகால் மணிக்கு மேல். சட்டம் கேட்பது 45 நிமிடம்தானே? போதாததற்கு அந்தப் பக்கம் வியாபாரக் காற்று (வடகிழக்கிலிருந்து வீசும் டிரேட் விண்ட்) பின்னாலிருந்து தள்ளும் என்கிறார்கள். எடை கொஞ்சம்தான் கூடும் என்பதால் மனைவியும் வருகிறேன் என்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடல்தாண்டி:
தம்பி, முதலில் வீட்டம்மாவுக்கு ஏர்லைன் டிக்கெட் போடுங்கள். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிக்கொண்டு கடல் தாண்ட அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ-விடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கூடுதல் எடை பெட்ரோலுக்கும் டாங்குக்கும் வழிகாட்டும் கருவிக்கும்தான், விமானத்தை ஓட்டத் தேவையானவரைத் தவிர வேறு ஆளுக்கு இல்லை. அதோடு அவர் எடைக்கு 20 கேலனுக்கு மேல் ஊற்றலாம். அதுதான் உங்களுக்கு இப்போது குறைகிறது.

எப்படி என்றால், உங்கள் கணக்கில் காற்றே இல்லை. சராசரியாக 10 நாட் எதிர்காற்று என்று போட்டுப் பாருங்கள். 13 மணி 44 நிமிடம், 178.5 கேலன். டாங்கில் மிஞ்சுவது ஐந்தரை கேலன், 25 நிமிடம். 10 நாட் என்பது முன்னறிவிப்பில் சாதாரணமாகப் பிசகுகிற அளவு. ஃபெர்ரி டாங்கை 140 ஆக்குங்கள், மொத்தம் 214 வரும். அப்போது அதே காற்றுக்கு 35 கேலன் மிஞ்சும். 20 நாட் எதிர்காற்று என்றால் 191 கேலன் போய், கையில் இருப்பது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு. அன்றைக்கு நான் கிளம்ப மாட்டேன். 45 நிமிடம் ஊருக்கு ஊர் ஏர்போர்ட் இருக்கிற இடத்துக்கு. ஹிலோவில் மழை கொட்டி இறங்க முடியவில்லை என்றால் அடுத்தது மலைக்கு அந்தப் பக்கம் கோனா, இல்லையென்றால் கடல் தாண்டி மௌயியில் கஹுலுயி. நடுவில் நிற்கிற மௌனா கேயா மலை 4,207 மீட்டர், மறந்துவிடாதீர்கள்.

வியாபாரக் காற்றை நம்புவது பற்றி. அது உண்டுதான், ஆனால் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். கலிஃபோர்னியா கரையில் வடமேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், நடுவில் உயரழுத்த மண்டலத்தில் ஒன்றும் இருக்காது. 1925-ல் அமெரிக்கக் கடற்படையின் ஜான் ரோஜர்ஸ் பி.என்-9 பறக்கும் படகில் சான் பிரான்சிஸ்கோ பக்கமிருந்து ஹவாய்க்குக் கிளம்பினார். எதிர்பார்த்த பின்காற்று வரவில்லை. ரேடியோ திசை வேறு தப்பாக வந்து, பெட்ரோல் போட நிறுத்தியிருந்த கப்பலையும் தவறவிட்டார். 1,841 மைலில் டாங்க் காலி. கடலில் இறங்கி, இறக்கைத் துணியைக் கிழித்துப் பாய் கட்டி, ஒன்பது நாள் மிதந்து காவாய் தீவுப் பக்கம் வந்தார்கள். ஐந்து பேரும் பிழைத்தார்கள், அது படகாகவும் இருந்ததால். உங்களுடையது போனான்ஸா. பின்காற்று வந்தால் லாபம், கணக்கில் எழுதாதீர்கள்.

இதெல்லாம் காகிதக் கணக்கு, யாரும் போட்டுவிடலாம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 140 கேலன் ஃபெர்ரி டாங்கில் இருக்கிறது, சரி. அது இன்ஜினுக்கு வருமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

முதல் ஒரு மணி நேரம் இறக்கையில் ஓட்டிவிட்டு ஃபெர்ரி டாங்குக்கு மாறுகிறீர்கள் என்று வையுங்கள். இறக்கையில் 61 கேலன். ஃபெர்ரி டாங்க் நின்றுபோனால் அந்த 61-ஐ வைத்து 4 மணி 40 நிமிடம் பறக்கலாம். அதே 10 நாட் எதிர்காற்றில் ஐந்து மணி நேரம் வரைக்கும் திரும்பிவிடலாம், அதுவும் மிச்சம் கால் மணி நேரத்துக்குத்தான். ஒன்பது மணி ஆகிவிட்டால் இறக்கைப் பெட்ரோலே ஹிலோவுக்குக் கொண்டுபோய் விடும். நடுவில் அந்த நாலு மணி நேரம்? முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. உயிர் முழுக்க ஒரு பம்பிலும் ஒரு வால்விலும் இருக்கிறது. மொத்தப் பெட்ரோலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் திரும்ப முடியாத இடம் 7 மணி 40 நிமிடத்தில் வருகிறது என்று புத்தகம் சொல்லும். எனக்கு அது ஐந்தாவது மணிக்கே வந்துவிடுகிறது.

2015 ஜனவரியில் கலிஃபோர்னியா டிரேசியிலிருந்து மௌயிக்குப் போன சிரஸ் எஸ்.ஆர்22-க்கு நடந்தது இதுதான். பெட்ரோல் இருந்தது, துணை டாங்கிலிருந்து மாற்ற முடியவில்லை. மௌயிக்கு 250 மைல் இப்பால் விமானி விமானத்தின் பாராசூட்டை விரித்துக் கடலில் இறங்கினார். கோஸ்ட் கார்டு விமானம் மேலே சுற்ற, வீண்டம் என்ற உல்லாசக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது. உங்கள் விமானத்தில் அந்தப் பாராசூட் கிடையாது.

ஆகவே மின்பம்ப் ஒன்று, அது செத்தால் கையால் அடிக்கிற பம்ப் ஒன்று, இரண்டும் தனித்தனி வழியில். கிளம்புவதற்கு முன்பு ஒருநாள் கரையோரமாகவே பறந்து ஃபெர்ரி டாங்கைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்து பாருங்கள். பாதி டாங்கில் நன்றாக ஓடியது, அடியில் காற்று இழுத்தது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஸ்பேனர்செல்வி:
மெக்கானிக் பக்கத்திலிருந்து ஒன்று. கடல்தாண்டி அண்ணன் முதல் ஒரு மணி நேரம் இறக்கையில் ஓட்டச் சொன்னதற்குக் காரணம் அவர் சொல்லவில்லை. உங்கள் போனான்ஸாவில் இருக்கும் காண்டினென்டல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோலை இழுத்து, மிச்சத்தை டாங்குக்கே திருப்பி அனுப்பும். ஃபெர்ரி டாங்கிலிருந்து நேராக இன்ஜினுக்குக் கொடுக்கும்போது அந்தத் திரும்பும் பெட்ரோல் இறக்கை டாங்குக்குப் போகிறது. இறக்கை நிரம்பியிருந்தால் வென்ட் (டாங்கின் காற்றுத் துளை) வழியாகக் கடலுக்கு. நீங்கள் இடத்தை விட்டிருந்தால், ஃபெர்ரியில் ஓடும்போது இறக்கை கேஜ் மெல்ல ஏறுவது கண்ணுக்கே தெரியும். அது ஏறவில்லை என்றால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். உங்கள் சீரியல் நம்பருக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மானுவலில் பாருங்கள், யார் வாய்வார்த்தையையும் நம்பாதீர்கள், என்னுடையது உட்பட.

ஃபெர்ரி டாங்கின் வென்ட் குழாய் வாய் காற்றை நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்கம் வெட்டியிருந்தால் டாங்குக்குள் அழுத்தம் குறைந்து, பம்ப் நன்றாக இருந்தும் பெட்ரோல் வராது.

ரெக்கை36:
ரொம்ப நன்றி. அந்த ஐந்து முதல் ஒன்பது மணிக் கணக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. 140 டாங்குக்கே போகிறேன், மனைவி டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டாள். டிசம்பரில் போகலாம் என்று இருந்தேன், பரவாயில்லையா? எந்த உயரம்?

கடல்தாண்டி:
டிசம்பர் வேண்டாம். குளிர்காலத்தில் உயரழுத்த மண்டலம் பலமிழக்கும், மேற்குக் காற்று தெற்கே இறங்கும், ஹவாய் பக்கம் கோனா புயல் என்கிற குளிர்காலப் புயல் வேறு. விமானத்தை ஹேங்கரில் விட்டுவிட்டு வேலையில் சேருங்கள், கோடையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

உயரம் 6,000 முதல் 8,000 அடி. மேலே போனால் வேகம் கிடைக்கும் என்று ஏறாதீர்கள், வியாபாரக் காற்று கீழேதான், மேலே போனால் அது மேற்குக் காற்றாகிவிடும். எடையோடு கிளம்புவதால் முதல் சில மணி நேரம் 160 நாட் வராது, 150 பார்த்தால் பதறாதீர்கள்.

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் கோடையில் ஹவாய் மூன்று மணி பின்னால் என்பதால் பிற்பகல் மூன்றுக்குள் வெளிச்சத்தில் இறங்கலாம். கரையில் அந்த நேரம் தாழ்ந்த மேகம் படிந்திருக்கும், கனமான விமானத்தோடு அதற்குள் ஏற வேண்டியிருக்கும். அதற்குப் பழகிக்கொள்ளுங்கள். ராஃப்டை (உயிர்காக்கும் ரப்பர் படகை) பின்சீட்டில் டாங்குக்கு அடியில் செருகிவிடாதீர்கள், பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு வையுங்கள். கலிஃபோர்னியா பக்கம் தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும், முதல் பாதிக்கு இம்மெர்ஷன் சூட் (குளிர்நீரில் உடம்பைக் காக்கும் உடுப்பு) இடுப்பு வரையாவது மாட்டியிருக்கட்டும்.

டாங்க் பொருத்தியதும் சோதனைப் பறப்பில் எத்தனை கேலன் மிச்சத்தில் பம்ப் காற்று இழுத்தது என்று இங்கே போடுங்கள். அந்த எண்ணை 214-லிருந்து கழித்துவிட்டுத் திரும்பக் கணக்குப் போடலாம்.