முட்டுக்காட்டில் நிற்க இடமில்லை: தூண்டில்காரர்கள் பெருகிவிட்டோம், இனி என்ன செய்வது?

கரைத்தூண்டில்:

போன சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு முட்டுக்காடு போனேன். மழைக்குப் பிறகு உப்பங்கழியின் முகத்துவாரம் திறந்து மூன்று வாரம் ஆகிறது. நீர் வற்றத் தொடங்கும் நேரம். கொடுவா மீனுக்கு இதைவிட நல்ல பொழுது கிடையாது. ஆனால் பாலத்திலும் கரையிலும் கால் வைக்க இடமில்லை. நாற்பது கோலுக்குக் குறையாமல் இருந்தன. முழங்கையோடு முழங்கை இடிக்க நிற்கிறார்கள். ஒருவருடைய தூண்டில் நரம்பு இன்னொருவருடையதோடு பின்னிக்கொள்கிறது, சண்டை வருகிறது, அறுத்து எறிகிறார்கள், அறுத்தது தண்ணீரில் போகிறது.

பாலத்தின் மேல் நின்ற ஒருவர் கோலைப் பின்னால் வாங்கி வீசியபோது, அவருடைய செயற்கை இரையில் இருந்த மும்முள், மூன்று கூர் கொண்ட கொக்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போன மோட்டார் சைக்கிள்காரரின் சட்டைத் தோளைக் கவ்வியது. வண்டி மெதுவாக வந்ததால் துணி கிழிந்ததோடு போயிற்று. ஒரு சாண் தள்ளியிருந்தால் கண் போயிருக்கும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே வருகிறேன். அப்போது ஒரு காலைப்பொழுதில் நான்கு பேரைப் பார்த்தால் அதிகம். இப்போது யாராவது ஒருவர் நல்ல மீன் பிடித்து, இடத்தின் பெயரோடு காணொளி போட்டுவிட்டால் அடுத்த வாரமே ஊர் கூடிவிடுகிறது. தயவுசெய்து இடத்தைச் சொல்லாதீர்கள். மீனைக் காட்டுங்கள், கரையைக் காட்டாதீர்கள். என் கோரிக்கை அவ்வளவுதான்.

ஞாயிறுமீன்:

ஐயா, உங்கள் பதிவுகளைப் படித்துத்தான் முடிச்சுப் போடவே கற்றேன். அந்த மரியாதையோடு சொல்கிறேன்: இந்தக் கோரிக்கை நியாயமில்லை. 2020 ஊரடங்கில் வேலை போய் வீட்டில் கிடந்தபோது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கோல் வாங்கினேன். தாம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நிற்பேன். வாரத்தில் எனக்குக் கிடைக்கும் நிம்மதி அந்த மூன்று மணி நேரம்தான். எனக்குப் படகு வைத்திருக்கும் நண்பர் இல்லை, இடம் காட்டிக்கொடுக்கும் மாமா இல்லை. காணொளி பார்க்காவிட்டால் இந்த இடம் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

முதலில் வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டால், அடுத்து வருபவன் எங்கே போவான்? உப்பங்கழி யார் வீட்டுக் கொல்லையும் இல்லை. சாலை பக்கம் வீசுவது தவறு. அதைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். கூட்டம் சேர்வதையே குற்றமாக்காதீர்கள்.

மீன்கொத்தி:

ஞாயிறுமீன் தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெண்ணாக இருந்துகொண்டு தனியாகத் தூண்டில் போடுகிறேன். ஆளில்லாத கரையைவிடப் பத்துப் பேர் நிற்கும் கரையே எனக்குப் பாதுகாப்பு. ஆனால் நாற்பது பேர் வேறு கணக்கு. என் யோசனை உரிமச்சீட்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கட்டணம் வைத்துவிட்டால் கூட்டம் தானாகக் குறையும். இது நமக்குப் புதிதும் இல்லை. நீலகிரியில் 1879ஆம் ஆண்டே வேட்டைக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

கரைத்தூண்டில்:

அம்மா, அந்தச் சட்டம் யாருக்காக வந்தது என்பதையும் பாருங்கள். மலையில் ஓய்வெடுக்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு வேட்டை விலங்கும் மீனும் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. கட்டணம் வைத்தால் முதலில் காணாமல் போவது ஞாயிறுமீன் போன்றவர்கள்தான். காரில் வருபவர்கள் கட்டிவிட்டு வருவார்கள். நான் கூட்டத்தைக் குறை சொன்னேன். ஏழைப் பையனை விரட்டச் சொல்லவில்லை.

கை இறால்:

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். முதலில் வந்தவர், பிறகு வந்தவர் என்று நீங்கள் பேசிக்கொள்வதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. ஐயா இருபத்திரண்டு ஆண்டு என்கிறார். என் அம்மா நாற்பது ஆண்டுகளாக அந்த உப்பங்கழியில் இறங்குகிறார். அவருக்கு முன்னால் பாட்டி இறங்கினார்.

நாங்கள் இருளர். வலை இல்லை, படகு இல்லை, தூண்டில் இல்லை. இடுப்பளவு, சில நேரம் கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறோம். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு கையும் சேற்றுக்கு வேண்டுமே. விரல் நுனியில் இறாலின் முதுகு இடறியதும் அமுக்கிப் பிடித்துப் பறியில் போடுவார் அம்மா. நான்கைந்து பெண்கள் வரிசையாகப் போவார்கள். கரையிலிருந்து பார்த்தால் தலை மட்டும் தெரியும்.

சென்ற மாதம் அந்தச் சேற்றில் கை வைத்தபோது, யாரோ அறுத்து எறிந்த மும்முள் அம்மாவின் நடுவிரலில் ஏறிவிட்டது. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர் இருக்கிறதே, அது உள்ளே போய்விட்டால் வெளியே வராது. முள்ளோடு கரைக்கு நடந்து வந்தார். அதோடு எட்டடி தங்கூசி நரம்பும் தொங்கிக்கொண்டு வந்தது. மருத்துவமனையில் விரலைக் கீறித்தான் எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் வேலைக்கு இறங்கவில்லை. பன்னிரண்டு நாள் வருமானம் இல்லை.

உங்கள் கோல் நாற்பது இருந்தது என்றீர்கள். அந்த நாற்பது பேரில் ஒருவராவது எதிரே நீரில் எத்தனை தலைகள் தெரிந்தன என்று எண்ணினீர்களா?

ஞாயிறுமீன்:

அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. போன மாதம் நானும் அங்கே இரண்டு முறை நரம்பை அறுத்திருக்கிறேன். அடியில் சிக்கிக்கொண்டது, இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, அறுத்தேன். அது என்னுடைய முள்ளாகவே இருக்கலாம். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

கரைத்தூண்டில்:

என்னுடையதாகவும் இருக்கலாம். அந்தப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஒதுங்கித்தான் வீசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுந்து போனது எங்கே போய்ச் சேரும் என்று இத்தனை ஆண்டில் யோசித்ததில்லை.

பழவேற்காட்டான்:

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், ஏரிக்கரையில் பிறந்தவன். நெருக்கடிக்கு வழி கண்டுபிடிக்க நீலகிரிக்குப் போக வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. கடல்வாய்க்கு அருகே இறால் ஓடும் தடங்கள் கொஞ்சம். வலை கட்ட வருபவர்களோ அதிகம். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் ஒருவருக்கும் கிடைக்காது. அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போடுவார்கள். இன்று இந்தத் தடம் இன்னாருக்கு, நாளை அவர் அடுத்த தடத்துக்கு மாற வேண்டும். நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் சுற்றி வரும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் தண்டம். இலங்கையில் நீர்கொழும்பு களப்பிலும் இறால் வலைக்கு இப்படிச் சீட்டுப் போடும் வழக்கம் இருக்கிறது.

சனி, ஞாயிறு காலையில் பாலத்தின் கீழ் நிற்க இருபது இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே சீட்டுப் போட்டு முறைவைத்து நின்றால் என்ன?

கை இறால்:

ஐயா, பாடு நல்ல முறை. ஆனால் அதில் யார் பெயர் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட சமூகத்தின் ஆண்களுக்குத்தான் சீட்டு. ஏரியில் எங்கள் மக்களும் இருந்தார்கள், சீட்டில் இல்லை. பெண்கள் இல்லை. முறைவைப்பது சரிதான். சீட்டுக் குடத்தில் யார் பெயரைப் போடுவது என்று பேசும்போது எங்களைக் கூப்பிட வேண்டும்.

பழவேற்காட்டான்:

நீங்கள் சொல்வது உண்மை. அதை நான் விட்டுவிட்டுச் சொன்னது பிழை. பாடு முறையில் இடம் கேட்டு மற்றவர்கள் போராடியதை என் காலத்திலேயே பார்த்திருக்கிறேன்.

டவுன்ஸ்வில் தமிழன்:

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே கொடுவாவைப் பரமுண்டி என்பார்கள். இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், மீனைப் பற்றி யாரும் பேசவில்லை. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதானதும் பெண்ணாக மாறும் மீன். படம் எடுத்துப் போடுகிறீர்களே அந்தப் பெரிய மீன்கள், அவை பெரும்பாலும் பெண்கள். முட்டையிட அவை வந்து சேரும் இடமும் முகத்துவாரம்தான். நாற்பது கோல் அந்த ஒரே வாசலில் நின்றால் என்ன ஆகும்?

இங்கே 58 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் விட வேண்டும், 120க்கு மேல் போனாலும் விட வேண்டும். கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை கொடுவா பிடிக்கவே கூடாது.

ஞாயிறுமீன்:

சட்டம் எல்லாம் சரி அண்ணா. ஆனால் நான் மாதத்துக்கு இரண்டு மீன் பிடிக்கிறேன். வலைக்காரர்கள் ஒரே இரவில் கூடை கூடையாக எடுக்கிறார்கள். முட்டுக்காட்டிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் பொரிப்பகம் இருக்கிறது. 1997இலேயே கொடுவாவை அடைத்து வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தவர்கள். குஞ்சுகளை உப்பங்கழியில் விட்டால் போதாதா?

கரைத்தூண்டில்:

தம்பி, நீ ஒருவன் இரண்டு. நாற்பது பேர் எண்பது. அது ஒரு மாதக் கணக்கு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது. அவர்கள் படகைக் கட்டிவைத்துவிட்டு நிவாரணத் தொகைக்குக் காத்திருக்கிறார்கள். கரையில் நிற்கும் நமக்கு ஒரு நாள்கூடத் தடை இல்லை. பிழைப்புக்குப் பிடிப்பவன் நிறுத்துகிறான், பொழுதுபோக்குக்குப் பிடிக்கும் நாம் நிறுத்துவதில்லை. பொரிப்பகத்துக் குஞ்சு பண்ணைக்குப் போகிறது. அதை நம்பி இருப்பதைக் காலி செய்ய முடியாது.

என் வரையில் நான்கைந்து ஆண்டுகளாகப் பெரிய கொடுவாவை விட்டுவிடுகிறேன். முள்ளின் அந்தப் பின்கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீன் வாயிலிருந்து சுலபமாகக் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு, நீரிலேயே வைத்துக் கழற்றி விடலாம்.

கை இறால்:

இது எனக்குப் புரியவே இல்லை ஐயா. கோபத்தில் கேட்கவில்லை. விடுவதற்காக ஏன் பிடிக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் பிடித்தால் குழம்பு, மிஞ்சினால் சந்தை. ஒரு உயிரின் வாயில் முள்ளை ஏற்றி, இழுத்து, படம் எடுத்து, திரும்ப விடுவதைப் பார்த்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சாப்பிடத் தேவையானதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் பாதிக் கூட்டம் ஏழு மணிக்கே கலைந்துவிடுமே.

மீன்கொத்தி:

அப்படி எல்லோரும் எடுத்துக்கொண்டு போனால் இரண்டு பருவத்தில் ஒன்றும் மிஞ்சாது. விடுவதுதான் இப்போதைக்கு ஒரே வழி.

கை இறால்:

அப்படியானால் கோல்கள் குறைய வேண்டும் என்றுதானே அர்த்தம், அக்கா? மீன் தாங்காத அளவுக்கு ஆள் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

கரைத்தூண்டில்:

கை இறால் கேட்ட கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. கோலை வளைத்துக்கொண்டு மீன் ஓடும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் வருகிறேன். அதை மறைக்க விரும்பவில்லை. அதற்காக மீன் படும் பாடு நியாயமா என்று கேட்டால், நான் பேசாமல் இருக்க வேண்டியதுதான்.

ஆனால் உடனே செய்யக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன. பெண்கள் இறங்கும் சேற்றுப் பகுதி எது என்று நீங்கள் காட்டுங்கள், அந்தப் பக்கம் வீசுவதை நான் இன்றோடு விடுகிறேன். மும்முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் போடுகிறேன். பாலத்தின் மேலிருந்து வீசுவதே வேண்டாம். காணொளியில் இடத்தின் பெயர் வேண்டாம் என்ற என் பழைய கோரிக்கையில் மட்டும் மாற்றமில்லை.

ஞாயிறுமீன்:

இடத்தின் பெயரைப் போடுவேன், ஐயா. அதில் நான் மாறப் போவதில்லை. ஆனால் எங்கே வீசக் கூடாது, ஏன் கூடாது என்பதை அதே காணொளியில் முதலில் சொல்வேன். தெரியாமல் வருபவனைவிடத் தெரிந்து வருபவன் மேல்.

வரும் சனிக்கிழமை கோல் இல்லாமல் வருகிறேன். அறுந்த நரம்பையும் முள்ளையும் பொறுக்க யார் வருகிறீர்கள்? கை இறால் அண்ணா, அம்மாவுக்கும் கூட வருபவர்களுக்கும் தடித்த ரப்பர் கையுறை ஆறு ஜோடி வாங்கி வரட்டுமா?

கை இறால்:

வேண்டாம் தம்பி. கையுறை போட்டால் இறால் தெரியாது. விரல் தோலில் பட்டால்தான் அது இறாலா, கல்லா, நண்டா என்று தெரியும். கையுறையைப் பொறுக்க வருபவர்களுக்கு வாங்கி வாருங்கள்.

சனிக்கிழமை ஆறரை மணிக்கு நன்றாக வற்றியிருக்கும். பாலத்துக்குத் தெற்கே, மேற்குக் கரையில் நிற்கிறேன். அம்மாவும் வருகிறார். எந்த இடம் என்று அவரே காட்டுவார்.

மீன்கொத்தி:

நான் வருகிறேன். இரண்டு சாக்கும் குறடும் கொண்டு வருகிறேன்.

கரைத்தூண்டில்:

நானும். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. ஞாயிறுமீன், தாம்பரத்தில் ஐந்து மணிக்கு நில், முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.