புதுப்பிப்பு: டேட்டாபேஸ் சர்வருக்கான எஸ்எஸ்டி முடிவாகிவிட்டது

டேட்டாபேஸ் சர்வருக்கு 1 டிடபிள்யூபிடி (டிரைவின் முழுக் கொள்ளளவை வாரண்டி காலம் முழுக்கத் தினம் எத்தனை முறை எழுதலாம் என்ற கணக்கு) எஸ்எஸ்டி போதுமா, 3 வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஊகிக்காமல் அளந்து பாருங்கள் என்றீர்கள். இரண்டு வாரம் அளந்தேன். முதலில் கோட்டை விட்டேன். ஸ்மார்ட் லாக்கில் (டிரைவ் தன் நிலையைப் பற்றி வைக்கும் பதிவு) வரும் 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்', அதாவது எழுதிய யூனிட்கள், ஒவ்வொன்றும் 512 பைட் என்று நினைத்துவிட்டேன். என்விஎம்இ (எஸ்எஸ்டி-யைக் கணினியோடு இணைக்கும் முறை) டிரைவில் அது 5,12,000 பைட்! ஆயிரம் மடங்கு குறைத்துக் கணக்குப் போட்டு, எதை வாங்கினாலும் ஓடும் என்று குஷியாக இருந்தேன்.

சரியாகப் பார்த்தால் தினம் எழுதுவது 2.6 டிபி. 1.92 டிபி டிரைவின் 1 டிடபிள்யூபிடி தாங்காது. அதனால் 1.6 டிபி, 3 டிடபிள்யூபிடி: 5 வருடத்தில் 8,760 டிபி எழுதலாம். (பெரும்பாலும் இரண்டிலும் உள்ளே அதே அளவு ஃபிளாஷ் மெமரிதான், டிரைவை நடத்தும் சிப்பான கன்ட்ரோலருக்குக் கூடுதலாக ஒதுக்கிய இடம்தான் ஆயுளைக் கூட்டுகிறது.) அப்புறம், கரண்ட் போனால் டேட்டாவைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. அடுத்த வாரம் மாட்டுகிறேன்.