பட்டியலை ஸ்க்ரோல் செய்து தேடும் ஆப்பியம் டெஸ்ட்: போனில் மட்டும் வரிசை தப்புகிறது

கேள்வி:
ஆண்ட்ராய்டு ஆப்பைத் தானாக இயக்கிச் சோதிக்கும் ஆப்பியம் கருவியில் எழுதிய டெஸ்ட், யுஐஆட்டோமேட்டர்2 டிரைவர் (ஆப்பியத்தின் கட்டளைகளை ஆண்ட்ராய்டில் நிறைவேற்றும் பகுதி). ரீசைக்ளர்வியூவில் (நீண்ட பட்டியலைக் காட்டும் ஆண்ட்ராய்டு பகுதி) 60 வரிசைகள். ‘பில் 47’ கண்ணில் படும்வரை ஸ்வைப் செய்து தட்ட வேண்டும். எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலிப் போன்) சரியாக ஓடுகிறது. போனில் சில சமயம் 47-ஐத் தாண்டிவிடுகிறது, சில சமயம் வேறு பில் திறக்கிறது. ஸ்வைப் திரை உயரத்தில் 85%-இலிருந்து 15% வரை, 200 மில்லிவிநாடி. ஒவ்வொன்றுக்கும் பிறகு 2 விநாடி ஸ்லீப் (காத்திருப்பு) வைத்தும் பலனில்லை.

பதில் 1:
அந்த வேகத்தில் இழுத்தால் அது ஃப்ளிங். விரலை எடுத்த பிறகும் பட்டியல் ஓடும். ஒரு திரைக்கு மேல் ஓடிவிட்டால் நடுவில் இருந்த வரிசைகள் டெஸ்டின் கண்ணிலேயே படாது. ஸ்லீப் வைத்தால் பட்டியல் நிற்கும், தாண்டிப் போனது திரும்பி வராது.

70%-இலிருந்து 35% வரை, 800 மில்லிவிநாடி என்று மாற்றுங்கள். அதைவிட முக்கியம், பாயின்டர் அப்புக்கு (விரலை எடுக்கும் கட்டளை) முன் 300 மில்லிவிநாடி பாஸ் (இடைநிறுத்தம்). விரல் அசையாமல் நின்று எடுபட்டால் வேகம் பூஜ்யம், ஃப்ளிங் வராது. இந்தப் பாஸைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2:
வேறு பில் திறப்பதற்குக் காரணம் தனி. வரிசை எலிமென்ட்டுகளை (டெஸ்ட் கண்டுபிடித்துப் பிடித்து வைக்கும் திரைப் பகுதிகள்) லூப்புக்கு (ஸ்வைப்பைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) வெளியே ஒருமுறை எடுத்து வேரியபிளில் வைத்திருக்கிறீர்களா? மேலே மறைந்த வரிசையின் வியூவையே (வரிசையைத் திரையில் காட்டும் பெட்டி) ரீசைக்ளர்வியூ கீழே வரும் வரிசைக்கும் பயன்படுத்தும். பழைய எலிமென்ட் செல்லுபடியாவது போலவே இருக்கும், உள்ளே இருப்பதோ வேறு பில். ஒவ்வொரு ஸ்வைப்புக்குப் பிறகும் டெக்ஸ்ட்டை வைத்துப் புதிதாகத் தேடுங்கள்.

இன்னொன்று: கிளிக் விழுவது எலிமென்ட்டின் நடுப்புள்ளியில். வரிசை கீழ் நேவிகேஷன் பாருக்கு அடியில் இருந்தால் தட்டு பாரில் விழும். வரிசையின் அடிவிளிம்பு பாரின் மேல்விளிம்புக்குக் கீழே இருந்தால் இன்னும் சிறிது நகர்த்திவிட்டுத் தட்டுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், லூப்புக்கு வெளியேதான் எடுத்திருந்தேன். உள்ளே மாற்றிப் பாஸும் சேர்த்ததும் இரண்டு கோளாறும் போய்விட்டன. பட்டியலில் இல்லாத பில்லைத் தேடினால் லூப் முடிவதே இல்லை. எப்படி நிறுத்துவது?

பதில் 1:
ஸ்வைப்புக்கு முன்னும் பின்னும் திரையில் தெரியும் கடைசி வரிசையின் டெக்ஸ்ட்டை ஒப்பிடுங்கள். மாறவில்லை என்றால் பட்டியல் முடிந்தது. அங்கேயே டெஸ்டைத் தோல்வியாக்குங்கள். அடுத்த பக்கம் நெட்வொர்க்கிலிருந்து வருவதாக இருந்தால், லோடிங் சுழல் மறைந்த பிறகே ஒப்பிட வேண்டும். யுஐஸ்க்ரோலபிளின் ஸ்க்ரோல்இன்டுவியூவுக்கு (தேடும் எலிமென்ட் தெரியும்வரை தானே ஸ்க்ரோல் செய்யும் ஆண்ட்ராய்டு கட்டளை) மாற நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: எலிமென்ட் திரையில் இல்லாவிட்டால் அது முதலில் பட்டியலின் தொடக்கத்துக்குப் போய்விட்டுத்தான் தேடும். இழுத்துப் புதுப்பிக்கும் வசதி உள்ள திரையில், மேலே போகும் அந்த ஸ்வைப்பே ரிஃப்ரெஷைக் கிளப்பிவிடும்.