புதுப்பிப்பு: மகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி, 8 மாதம் கழித்து

பிராடர்-வில்லி (தசை பலவீனமும் தீராத பசியும் வரும் பிறவி மரபணுக் கோளாறு) உள்ள எங்கள் 6 வயது மகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் அடம் கூடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தொடங்கி 8 மாதம் ஆகிறது.

ஊசிக்கு முன்பே தூக்கப் பரிசோதனை செய்தார்கள். ஊசியால் டான்சில் வளர்ந்து மூச்சு தடைபடலாம் என்பதால் சில வாரம் கழித்து மறுபடியும் செய்தார்கள். முதுகெலும்பு வளைகிறதா என்றும் பார்த்து வருகிறார்கள். இப்போது கைப்பிடியைத் தொடாமல் படி ஏறுகிறாள்!

பசி அப்படியேதான் இருக்கிறது. அது ஹைப்போதலாமஸ் (மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் பகுதி) சிக்கல், இந்த ஊசிக்கு அடங்காது. ஃபிரிட்ஜுக்குப் பூட்டு தொடர்கிறது (பாட்டிக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை).

அடம் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருக்கிறது. அதற்கு ஊசி காரணமில்லை என்றே நினைக்கிறேன். காலையிலேயே அன்றைய சாப்பாட்டையும் நேரத்தையும் படமாக வரைந்து சுவரில் ஒட்டிவிடுகிறோம். "அடுத்து என்ன சாப்பாடு?" என்று ஓயாமல் கேட்டவள், இப்போது தானே போய்ப் பார்த்துக்கொள்கிறாள். திட்டம் திடீரென மாறினால் மட்டும் ஒரு மணி நேர அழுகை. தோலைக் கிள்ளிப் புண்ணாக்குவது நிற்கவில்லை.

அப்புறம், இந்தப் பசியைக் குறைக்கும் மருந்து பற்றிக் கேட்டவருக்கு: டயசாக்சைடு கோலினுக்கு அமெரிக்காவில் 2025 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. 4 வயது முதல் கொடுக்கலாம். சர்க்கரை அளவைக் கவனிக்க வேண்டும்.