உள்ளூரா, ஐரோப்பாவா? கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, அமெரிக்காவின் கால்பந்து (சாக்கர்) வீரர்கள் உள்ளூர் லீகான எம்எல்எஸ்ஸில் தேறிவிட்டுப் போவது நல்லதா, பதின்வயதிலேயே ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிடுவது நல்லதா என்று எழுத உட்கார்ந்து பாதியில் மாட்டிக்கொண்டேன். அமெரிக்க வீரர் புலிசிக் 16 வயதில் ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்ட் போனார், சரி, ஆனால் தாத்தா வழியில் குரோஷிய (ஐரோப்பிய ஒன்றிய) பாஸ்போர்ட் கிடைத்ததால்தானே அங்கே சீக்கிரம் ஆட முடிந்தது. அது இல்லாத பையன்கள் ஃபிஃபா விதிப்படி பெரும்பாலும் 18 வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு அமெரிக்கரான டோனவனோ ஜெர்மனியின் லெவர்குசனில் ஒட்டாமல் 2001இல் எம்எல்எஸ் அணியான சான் ஹோசேக்கு வந்து அதே வருடம் எம்எல்எஸ் கோப்பையும் தூக்கினார்.

எனக்கென்னவோ, டைலர் ஆடம்ஸ் எம்எல்எஸ்ஸின் நியூயார்க் ரெட் புல்ஸ் முதல் அணியில் ஆடிவிட்டு 2019இல் ஜெர்மனியின் லைப்சிக் அணிக்குப் போனதுதான் சரியாகப் படுகிறது (இரண்டு அணிக்கும் ஒரே முதலாளி, அது வேறு கதை). கிளம்புவதற்கு முன் உள்ளூர் லீகில் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று யாராவது தொகுத்து வைத்திருக்கிறீர்களா? அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.