வேலூர் மாவட்டம் ஸ்கூல் யூனிஃபார்ம் டேட்டா எங்க கிடைக்கும்? அவசரம்

மோர்தானா | செவ்வாய், காலை 7.42

வணக்கம். வேலூர் மாவட்டத்துல ஸ்கூல் யூனிஃபார்ம் எத்தனை பேருக்குப் போச்சுன்னு கணக்கு எங்க இருக்கும்? ரெண்டு நாளா தேடறேன். யூடைஸ் பிளஸ்ல (மத்திய அரசோட பள்ளிப் புள்ளிவிவரத் தளம்) போனா சேர்க்கைதான் வருது. ஒருத்தர் ஒரு எக்செல் அனுப்பினார், அதுல 2018-19க்கு அப்புறம் வேலூர் எண்ணிக்கை பாதிக்கும் கீழ இறங்கிடுது. அவ்ளோ பிள்ளைங்க எங்க போச்சு? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

காட்பாடி_ஜங்ஷன் | 8.05

எந்த வகுப்பு? கவர்மெண்ட் ஸ்கூலா, எய்டடா, பிரைவேட்டா? எத்தனை பேருக்குக் குடுத்தாங்கன்னு வேணுமா, எவ்ளோ செலவுன்னு வேணுமா? காலேஜ் ப்ராஜெக்டா வேற எதுக்காச்சுமா? இதெல்லாம் சொன்னாதான் வழி சொல்ல முடியும்.

டேட்டாக்காரன் | 8.31

யூனிஃபார்முக்குன்னு சுத்தமான தொடர் டேட்டா வேணும்னா அமெரிக்காவோட தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்துக்குப் போங்க. பள்ளி முதல்வர்கள்கிட்டயே நேரா கேட்டு வாங்கினது. அரசுப் பள்ளிகள்ல சீருடை கட்டாயம்னு சொன்னவை 1999-2000ல 12 சதவீதம், 2017-18ல 20 சதவீதம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்காங்க, அதனால ஒப்பிடலாம்.

காட்பாடி_ஜங்ஷன் | 8.40

அவங்க கேக்கறது வேலூருங்க.

பதிவேடு | 9.12

இந்த இடத்தில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்: மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் போதாது, எந்த ஆண்டின் மாவட்டம் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் எங்கும் போகவில்லை. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் உங்கள் எக்செல்லின் முதல் பாதியில் இருக்கின்றன, இரண்டாம் பாதியில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்ட மக்கள்தொகை 39,36,331. அது மூன்று மாவட்டங்களும் சேர்ந்த தொகை. அதற்கும் முன்னால் 1989இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. இதைக் கவனிக்காமல் கோடு வரைந்தால் இல்லாத வீழ்ச்சியைக் கண்டுபிடிப்பீர்கள்.

செய்ய வேண்டியது: மாவட்டத் தொகையை விட்டுவிட்டு ஒன்றிய அளவுக்கு இறங்குங்கள். வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு. இந்த ஏழு ஒன்றியங்களைப் பழைய ஆண்டுகளிலிருந்தும் எடுத்துக் கூட்டினால்தான் இன்றைய வேலூருக்குச் சமமாக வரும். இன்னொன்று, யூடைஸ் பிளஸ் 2022-23இல்தான் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பதிவு என்ற முறைக்கு மாறியது. அதற்கு முன் பள்ளி கொடுத்த மொத்த எண்ணிக்கைதான். இரண்டையும் ஒரே கோட்டில் சேர்க்கக் கூடாது. அடிப்படையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் எல்லோர் நேரமும் மிச்சமாகும்.

மோர்தானா | 9.34

ரொம்ப நன்றி சார், மாவட்டம் பிரிஞ்சது மனசுல வரவே இல்ல. அரசு நடுநிலைப் பள்ளி, 1 முதல் 8. ப்ராஜெக்ட் இல்ல. வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம். நான் பெற்றோர் உறுப்பினர். வேலைக்குக் கிளம்பறேன், சாயங்காலம் பாக்கறேன்.

வாலாஜா_வாத்தியார் | 10.20

அம்மா, நீங்க யூடைஸ்ல தேடினதுல தப்பில்ல. அந்தப் படிவத்துல இலவசப் பாடநூல், சீருடை வாங்கினதப் பத்தி உண்டு. ஆனா நம்ம மாநிலத்துல 1 முதல் 8 வரைக்கும் விலையில்லாச் சீருடை பள்ளிக் கல்வித் துறையோட திட்டம் இல்ல. சமூக நலத் துறையோடது. சத்துணவுத் திட்டத்துல சேர்ந்த பிள்ளைகளுக்கு வருஷம் நாலு செட், 2012-13லேர்ந்து. அதனால சேர்க்கை எண்ணிக்கைய எடுத்து நாலால பெருக்கினா தப்பா வரும். பெருக்க வேண்டியது சத்துணவுப் பட்டியல்ல இருக்கற எண்ணிக்கைய.

இத எடுக்க முதல் இடம் சமூக நலத் துறையோட கொள்கை விளக்கக் குறிப்பு. சட்டமன்றத்துல மானியக் கோரிக்கை வர்றப்ப ஒவ்வொரு துறையும் வெளியிடும். துணி நெய்யற கணக்கு கைத்தறித் துறைக் குறிப்புல இருக்கும். செருப்பு, பை, நோட்டு பள்ளிக் கல்வித் துறையில. ஒரே பிள்ளை உடம்புல இருக்கற பொருளுக்கு மூணு துறைப் புத்தகத்தப் புரட்டணும். விடுதிப் பிள்ளைகள் கணக்கு இன்னும் தனி.

பேரணாம்பட்டு_பஸ் | 10.58

சார், சத்துணவு சாப்பிட்டாதான் யூனிஃபார்ம்ங்கிறது சட்டத்துல மட்டும்தான். எங்க பொண்ணு வீட்லேர்ந்து டிபன் பாக்ஸ்தான் எடுத்துனு போவா. நாலு செட்டும் வந்துது.

வாலாஜா_வாத்தியார் | 11.06

பட்டியல்ல பேர் இருந்திருக்கும்.

பேரணாம்பட்டு_பஸ் | 11.09

சாப்பிடாத பிள்ளைக்கு எதுக்கு பேரு?

பதிவேடு | 11.31

அதற்குப் பெயர் பொய்ப் பதிவு. ஒரு தலைமையாசிரியர் இரக்கப்பட்டு எழுதுகிறார், அந்த எண் ஒன்றியத்துக்குப் போகிறது, மாவட்டத்துக்குப் போகிறது, கடைசியில் இத்தனை பேர் மதிய உணவு உண்கிறார்கள் என்று அச்சாகிறது. பிறகு அதை வைத்து ஊட்டச்சத்து ஆய்வு செய்பவன் என்ன செய்வான்?

வாலாஜா_வாத்தியார் | 11.50

ஐயா, இரக்கம்னு அவ்ளோ சுலபமா சொல்லாதீங்க. ஜூன் மாசம் பட்டியல் எடுக்கறப்ப ஒரு பையன் சாப்பிடறேன்னு கை தூக்குவான். அம்மாவுக்குச் செங்கல் சூளையில வேலை இருக்கற நாள்ல சோறு கட்ட முடியாது, பள்ளியில சாப்பிடுவான். வேலை இல்லாத நாள்ல வீட்டுச் சோறு. அவன் பேர எழுதறதா வேணாமா? நான் இருபத்தொரு வருஷம் எழுதிக்கிட்டுதான் இருந்தேன். ஒரு பிள்ளை பேரும் பொய் இல்ல. பட்டியல் கேக்கறது ஆமா இல்ல ரெண்டே பதில்தான்.

பதிவேடு | 12.15

அப்படியானால் தினசரி உண்டவர் எண்ணிக்கை தனி, பட்டியலில் உள்ளவர் எண்ணிக்கை தனி என்று இரண்டையும் கேட்க வேண்டும். என் வாதமும் அதுதான்.

பாலாற்றங்கரை | 12.40

எம்.ஜி.ஆர். 1982ல சத்துணவு கொண்டு வரலைன்னா இந்த யூனிஃபார்மே கிடையாது. அதயும் சொல்லுங்க.

ரயிலடி_ஆற்காடு | 12.52

பள்ளிக்கூடத்துல மதிய உணவு 1956லயே காமராசர் ஆட்சியில வந்துடுச்சு. சீருடையும் அவர் காலந்தான். ஊர்க்காரங்க கூடி மாநாடு போட்டு, பெஞ்சு, கரும்பலகை, பிள்ளைகளுக்குத் துணின்னு குடுத்தாங்க. எங்க தாத்தா ரெண்டு மூட்டை கேழ்வரகு குடுத்தாராம்.

பாலாற்றங்கரை | 1.03

நான் சொன்னது அரசாங்கம் குடுக்கற யூனிஃபார்ம்.

காட்பாடி_ஜங்ஷன் | 1.10

ரெண்டு பேரும் தனி இழை போட்டுப் பேசுங்க. அவங்களுக்கு வெள்ளிக்கிழமை கூட்டம்.

டேட்டாக்காரன் | 2.25

காலையில நான் சொன்னது அவங்களுக்கு உதவாது, ஒத்துக்கறேன். இது உதவும். தேசிய மாதிரி ஆய்வோட வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு 2022-23ல, அரசாங்கத்துகிட்டேர்ந்து இலவசமா வந்த பொருள்னு தனியா கேட்டிருக்காங்க. அரிசி, கோதுமையோட லேப்டாப், சைக்கிள், பள்ளிச் சீருடை, பள்ளிக் காலணியும் அந்தப் பட்டியல்ல இருக்கு. 2,61,746 வீடுகள். கோப்பு இலவசம், பேர் பதிஞ்சு இறக்கிக்கலாம். பள்ளி குடுத்தேன்னு சொல்றத விட்டுட்டு, வீடு வாங்கினேன்னு சொல்றத எண்ணினது இதுதான். அதுதான் எனக்கு இதுல பிடிச்சது.

அதே துறையோட 2017-18 கல்வி ஆய்வுல புத்தகம், எழுதுபொருள், சீருடை மூணும் ஒரே செலவா போட்டிருப்பாங்க, பிரிக்க வழியில்ல. 2025 கல்வி ஆய்வுல 52,085 வீடு. ஆனா நாட்டுல 700க்கு மேல மாவட்டம் இருக்கு, வேலூருக்குன்னு பிரிச்சா சராசரியா நூறு வீடு கூட வராது. அத வச்சு உங்க ஒன்றியத்தப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியாது.

ஊசிநூல் | 4.47

நான் குடியாத்தம் பக்கம், மகளிர் தையல் சங்கத்துல இருந்தவ. எல்லாரும் எத்தனை செட்னு பேசறீங்க. அந்தப் பொண்ணு அதுக்காகத்தான் கேக்கறாளான்னு ஒருத்தரும் கேக்கலியே. மா, உன் பள்ளிக்கூடத்துல யூனிஃபார்ம் வரலியா, இல்ல வந்தது சேரலியா?

மோர்தானா | இரவு 8.16

அக்கா, வந்தது சேரலை. அதான் விஷயம். எங்க பொண்ணு அஞ்சாவது. ரெண்டு வருஷமா பாவாடை முட்டிக்கு மேல நிக்குது. போன வருஷம் கீழ் மடிப்பைப் பிரிச்சு விட்டேன். பழைய மடிப்பு இருந்த இடத்துல வெளுத்த கோடு, அதுக்குக் கீழ மட்டும் துணி புதுசு மாதிரி பளிச்சுனு தெரியுது. கிளாஸ்ல பிள்ளைங்க அதப் பாத்து, இவ மடிப்பு பிரிச்ச பாவாடைன்னு சொல்லுதாம். இந்த வருஷம் மடிப்புல பிரிக்கவும் துணி இல்ல. பள்ளியில கேட்டா எல்லா பிள்ளைக்கும் முழுசா குடுத்தாச்சு, ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்குன்றாங்க. கையெழுத்து நான்தான் போட்டேன். வாங்கினது உண்மைதான். ஆனா போட முடியாதத எப்படி எழுதறது? எங்க பள்ளியில மட்டுமா, எல்லா இடத்துலயுமான்னு தெரிஞ்சா கூட்டத்துல பேசலாம்னுதான் தேடினேன்.

ஊசிநூல் | 8.51

இத காலையிலயே எழுதியிருக்கலாம் மா. கேளு. எங்க கைக்கு வெட்டின துணி கட்டு கட்டா வரும். கட்டு மேல அளவும் எண்ணிக்கையும் இருக்கும், பிள்ளை பேரு இருக்காது. இந்த அளவுல இத்தன, அந்த அளவுல இத்தன. அந்த எண்ணிக்கை பள்ளிக்கூடத்துலேர்ந்து போற தேவைப் பட்டியல்ல ஆரம்பிக்குது. அங்க பிள்ளைய நிக்க வச்சு டேப் போட்டு அளந்து எழுதினா சரியா வரும். அஞ்சாவதா, இந்த அளவு போடுன்னு வகுப்ப வச்சு எழுதினா உன் பொண்ணு மாதிரி வளர்ந்த பிள்ளைக்குச் சேராது, ஒல்லிப் பிள்ளைக்கு இடுப்புல நிக்காது. எங்க மேல திட்டு வரும், நாங்க குடுத்த அளவுக்குத்தான் தைச்சிருப்போம்.

அதனால நீ கேக்க வேண்டியது ஒண்ணுதான். தேவைப் பட்டியல்ல எந்தெந்த அளவு எத்தனை போச்சு, அளவு எடுத்தது எந்தத் தேதி. எடுத்ததுக்கும் துணி வந்ததுக்கும் நடுவுல எத்தனை மாசம்னு பாரு. பிள்ளை ஒரு வருஷத்துல எவ்ளோ வளரும்னு உனக்குத் தெரியும்.

வாலாஜா_வாத்தியார் | 9.10

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. வழங்கல் பதிவேட்டுல வரிசை எண், பேர், வகுப்பு, எத்தனை செட், கையெழுத்து, அவ்ளோதான் நாங்க கோடு போட்டு வச்சிருந்தோம். அளவுக்குன்னு ஒரு கட்டம் நான் போட்டதே இல்ல. இப்ப நினைச்சா வருத்தமா இருக்கு.

பதிவேடு | 9.48

அம்மா, காலையில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆகவே முதலில் கூட்டத்திலேயே தேவைப் பட்டியலையும் வழங்கல் பதிவேட்டையும் மேசையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

மற்ற பள்ளிகளுக்கு ஒன்றியவாரியாக வேண்டுமென்றால் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலக வளாக முகவரியிட்டு, மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின் கீழ் 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும், பதிலுக்கு 30 நாள். பிள்ளைகளின் பெயர் கேட்காதீர்கள், அதைச் சொல்லியே மறுப்பார்கள். ஏழு ஒன்றியம், மூன்று கல்வியாண்டு, அளவுவாரி எண்ணிக்கை, தேவைப் பட்டியல் அனுப்பிய தேதி, துணி வந்த தேதி. “ஏன்” என்று ஒரு கேள்வியும் வேண்டாம். ஏன் என்றால் கருத்து என்பார்கள். ஆவணத்தின் நகல் என்று கேளுங்கள்.

பேரணாம்பட்டு_பஸ் | 10.05

மனு எழுதினா சொல்லுமா, பேரணாம்பட்டு ஒன்றியத்துக்கு நானும் ஒண்ணு போடறேன். எங்க பொண்ணுக்குச் சட்டை தோள்பட்டை தொங்குது.

டேட்டாக்காரன் | புதன், காலை 6.55

பதில் வந்தா தாள்ல இருக்கறத அப்படியே போட்டோ எடுத்துப் போடுங்க, அட்டவணையா நான் அடிச்சுத் தர்றேன். ஒன்றியப் பேர் எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும், கே.வி.குப்பத்த ஒருத்தர் கீழ்வைத்தினான்குப்பம்னு எழுதினா கூட்டறப்ப ரெண்டு ஊராயிடும்.

காட்பாடி_ஜங்ஷன் | வெள்ளி, இரவு 9.30

கூட்டம் என்னாச்சுமா?

காட்பாடி_ஜங்ஷன் | ஞாயிறு, காலை 11.02

?

மோர்தானா | திங்கள், இரவு 10.14

மன்னிக்கணும், வேலை அதிகம். பட்டியலக் காட்டினாங்க. அஞ்சாவது மொத்தத்துக்கும் ஒரே அளவு எழுதியிருந்தது. அடுத்த தேவைப் பட்டியலுக்கு அளந்து எழுதறதா தீர்மானத்துல போட்டாச்சு, அளக்க நானும் இன்னும் ரெண்டு அம்மாவும் வர்றோம்னு சொன்னோம். மனு நாளைக்குத் தபால்ல போடறேன். எல்லாருக்கும் நன்றி.

ஊசிநூல் | 10.40

மா, அளக்கறப்ப இடுப்பு, இடுப்புலேர்ந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் நீளம், ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. மேல் சட்டைக்கு தோள், மார்பு. டேப்பை இறுக்கிப் பிடிக்காதீங்க, நடுவுல ரெண்டு விரல் போகணும். மடிப்புக்கு மூணு அங்குலம் விடச் சொல்லி பட்டியல்லயே எழுதுங்க.