மறு: அல்ட்ராவைடு கர்வ்டு மானிட்டர் – ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

'அல்ட்ராவைடு கர்வ்டு மானிட்டர்', அதாவது வழக்கத்தைவிட மிக அகலமான, வளைந்த கணினித் திரைக்குத் தமிழ்ச் சொல் கேட்டு அக்கா தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: பேரகல வளைதிரை, அதியகலத் திரையகம், மீயகல வளைதிரை, குழிதிரை. பட்டியலாகப் பார்த்தால் எதிலும் பெரிய குறை தெரியவில்லை. இந்த வகை மானிட்டர் ஒன்றின் நிறுவல் கையேட்டை இப்போது தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஒவ்வொரு சொல்லையும் கையேட்டு வாக்கியங்களுக்குள் போட்டுப் பார்க்க வசதியாக இருந்தது. அங்கேதான் சிக்கல் வருகிறது.

> அகலமும் வளைவும் சேர்ந்த பொருள்தானே ஐயா? ஒரே சொல் போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். 2012 இறுதியில் எல்ஜி கொண்டுவந்த 29 அங்குல அல்ட்ராவைடு தட்டையானது. வளைந்த 34 அங்குலம் 2014-இல்தான் வந்தது. இன்னொரு பக்கம், வழக்கமான 16:9 வடிவத்திலேயே (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) வளைந்த 27, 32 அங்குல மானிட்டர்களும் கடைகளில் கிடைக்கின்றன. ஆக, அகலமாக இருந்தும் வளையாதது உண்டு, வளைந்திருந்தும் அவ்வளவு அகலம் இல்லாதது உண்டு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது சேர்த்து எழுதலாம். சரி, முதலில் அகலம்.

'அகலத்திரை' என்பதை 16:9-க்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதற்கு மேலே போக ஒரு முன்னொட்டு வேண்டும். 'அதி' எனக்கு உவப்பாக இல்லை. அகலம் அளவு மீறிப் போய்விட்டது என்று குறை சொல்வதுபோல் ஒலிக்கிறது. 'பேரகலம்' காதுக்கு இனிமை. ஆனால் 'பெரிய அகலத்திரை' என்று பிரித்துப் படித்து, 55 அங்குல டிவியை நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. 'மீ' அப்படியில்லை. மீயொலி என்றால் கேட்கும் எல்லைக்கு மேற்பட்ட ஒலி என்று பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். அதே வழியில் மீயகலம் என்பது வழக்கமான அகலத்துக்கு மேற்பட்டது. மீயுரை, மீத்தரவு என்று 'மீ' வேறு வேலைகளிலும் இருக்கிறதே என்ற மறுப்பு நியாயம்தான். ஆனால் அங்கே பின்னால் வருவது உரையும் தரவும், இங்கே அகலம். குழம்ப வழியில்லை.

21:9 என்ற எண்ணைச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டாம், வரையறையிலும் அதைத் துல்லியமான எண்ணாக வைக்க வேண்டாம். அது விற்பனைக்காக உருட்டி எடுத்த எண். படப்புள்ளிக் கணக்கில் 2560×1080 உண்மையில் 64:27. 3440×1440 என்பது 43:18. 3840×1600 இன்னும் சற்று வேறு. 'ஏறத்தாழ 21:9 அல்லது அதற்கும் அகலமானது' என்று வரையறுத்தால் 32:9-உம் உள்ளே வந்துவிடும். அதற்கென்று 'மீமீயகலம்' எல்லாம் வேண்டாமே.

இனி வளைவு. இதில்தான் அதிக நேரம் போனது.

> பார்ப்பவர் பக்கம் உட்குழிந்திருப்பதால் குழிதிரை என்பதே அறிவியல்.

ஒளியியல் பாடத்தின்படி சரிதான். குழியாடி, குவியாடி என்ற இணை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மானிட்டரில் குவிந்த வகை என்று எதுவும் விற்பனையில் இல்லை. பழைய படக்குழாய் மானிட்டர்களின் கண்ணாடி வெளிப்பக்கம் உப்பியிருந்தது, அவை போய்விட்டன. வேறுபடுத்திக் காட்ட எதிர்வகை இல்லாதபோது அந்த நுணுக்கத்தால் பயன் இல்லை. அதோடு, 'உங்கள் குழிதிரையைச் சுவரில் மாட்ட' என்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். திரையில் ஏதோ பள்ளம் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

'வளைதிரை' அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அது வினைத்தொகை. வளைந்த திரை, வளைகின்ற திரை, வளையும் திரை மூன்றும் அதற்குள் அடங்கும். முன்பு இது பெரிய விஷயம் இல்லை. இப்போது கையால் பிடித்து வளைக்கக்கூடிய மானிட்டரே வந்துவிட்டது. 2022-இல் கோர்செயர் அறிவித்த 45 அங்குல ஓலெட் மானிட்டரைத் தட்டையாகவும் வைக்கலாம், இருபக்கமும் பிடித்து 800ஆர் வரை (இந்த அளவின் பொருளைக் கீழே சொல்கிறேன்) வளைக்கவும் செய்யலாம். மடிக்கும் செல்பேசிகளைச் சொல்லவே வேண்டாம். எனவே ஆலையிலேயே வளைத்து வருவதற்கு 'வளைவுத் திரை' என்றும், நாம் வளைக்கக்கூடியதற்கு 'வளைதிரை' என்றும் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு எழுத்துதான் கூடுகிறது. வளைதிரையை விட மனமில்லாதவர்களுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800ஆர் பற்றி யாரும் எழுதவில்லை. கையேட்டில் அதிகம் புரியாமல் போவது இதுதான். 1800 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டுதான் அந்தத் திரை என்று பொருள். எண் குறையக் குறைய வளைவு கூடும், பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 34 அங்குலத் திரையின் அகலம் சுமார் 80 செ.மீ. 1800ஆர் என்றால் ஓரங்களைவிட நடுப்பகுதி 4.4 செ.மீ. அளவு உள்வாங்கியிருக்கும். 1000ஆர் என்றால் கிட்டத்தட்ட 8 செ.மீ. தமிழ்நாட்டுப் பாடநூலில் இது 'வளைவு ஆரம்', இலங்கைப் பாடநூல் வழக்கில் 'ஆரை'. எது என்று சண்டை வேண்டாம். ஆங்கில எழுத்தை 'ஆர்' என்றுதானே எழுதுகிறோம்? ஆரம், ஆரை இரண்டின் தொடக்கமும் அதுவே. சக்கரத்தின் ஆரக்காலிலும் அதே ஆர். '1800ஆர்' என்றே எழுதிவிட்டு, விளக்கத்தில் அவரவர் பாடநூல் சொல்லைப் போடலாம். இப்படி ஓசியில் பொருத்தம் அமைவது அபூர்வம், விட்டுவிடக் கூடாது.

இப்போது கையேட்டின் சிக்கல் தீர்க்கும் பகுதிக்கு வருகிறேன். அகலத்தையும் வளைவையும் பிரிக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் அங்கேதான் இருக்கிறது. தொல்லைகளும் அப்படியே இரண்டாகப் பிரிகின்றன.

மீயகலத்தால் வருபவை: படம் நடுவில் மட்டும் தெரிந்து இருபுறமும் கருப்பாக நிற்கும், அல்லது முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். கணினி 1920×1080 அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 3440×1440 திரையில் 16:9 படத்தை முழு உயரத்துக்கு வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 440 படப்புள்ளிகள் காலியாகும். இதற்கு 'பக்கப்பட்டை' என்று எழுதியிருக்கிறேன். கணினியின் அமைப்புகளில் உள்ள பட்டியலில் திரையின் இயல்புப் பிரிதிறனை (படப்புள்ளி அளவு, இங்கே 3440×1440) தேர்ந்தெடுத்தால் போய்விடும். திரைப்படம் பார்க்கும்போது நான்கு பக்கமும் கருப்பாக வந்தால் அது வேறு கதை: 2.39:1 படத்தை மேலும் கீழும் கருப்பு சேர்த்து 16:9 சட்டத்துக்குள் வைத்து அனுப்புகிறார்கள். மானிட்டரில் தேடிப் பயனில்லை. படத்தை ஓடவிடும் மென்பொருளில் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டியலில் 3440×1440 வரவே இல்லையென்றால்? அங்கே இடிஐடி வருகிறது. மானிட்டர் தன் பிரிதிறன், புதுப்பிப்பு வீதம் எல்லாவற்றையும் கேபிள் வழியே கணினிக்குச் சொல்லும் சிறு தரவு, அடிப்படைத் தொகுதி 128 பைட். இதை 'நீட்டித்த காட்சி அடையாளத் தரவு' என்று எழுதினால் யாரும் வாயால் சொல்லப்போவதில்லை. தம்பி ஒருவர் விளையாட்டாகத் 'திரைச்சாதகம்' என்று எழுதியிருந்தார். சிரித்தேன். ஆனால் வேலை அதேதான்: இணைப்பதற்கு முன் ஒருபக்கத்தார் மறுபக்கத்தாரின் சாதகத்தைப் பார்ப்பது. என்ன, 'சாதகமாக இல்லை' என்றால் வேறு பொருள் வந்துவிடும். அதனால் 'திரைக்குறிப்பு' என்கிறேன். ஈழத்தில் சாதகத்தைக் குறிப்பு என்றும் சொல்வார்கள், ஆகவே தம்பியின் கிண்டலும் பாதி பிழைத்துக்கொள்கிறது. 'திரைக்குறிப்பு கணினிக்குப் போய்ச் சேரவில்லை. கேபிளைக் கழற்றி, மானிட்டரின் மின்சாரத்தை முழுதும் நிறுத்தி, மீண்டும் மாட்டுங்கள்.' போனில் சொன்னாலும் புரிகிற வாக்கியம்.

கேபிளும் அகலத்தின் தொல்லைதான். 3440×1440 என்றால் 49.5 லட்சம் படப்புள்ளிகள், முழு எச்டியை (1920×1080) போல ஏறத்தாழ 2.4 மடங்கு. பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் மாட்டினால் புதுப்பிப்பு வீதம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸிலேயே (நொடிக்கு 50 முறை) நின்றுவிடும், மவுஸ் இழுத்து இழுத்து நகரும். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றுவது எளிய வழி. கணினியை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது, திரும்பப் போட்டால் கிளம்ப மறுக்கிறது என்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். சில மலிவு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் இணைக்கக் கூடாத 20-ஆம் முள்ளை இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரின் மின்சாரம் அதன் வழியே கணினிக்குள் நுழைகிறது. இதற்கு 'பின்பாயும் மின்சாரம்' என்று வைத்தேன், மின்துறையில் இருப்பவர்கள் திருத்தலாம்.

வளைவால் வருபவை வேறு ரகம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது தட்டையான மேசையில் முகம் குப்புறக் கவிழ்த்தால் மொத்த எடையும் இரண்டு ஓரங்களில் இறங்கும். தெர்மாகோலில் இருக்கும்போதே தாங்கியைப் பொருத்திவிட வேண்டும். கை போன்ற தாங்கியில் மாட்டினால் திரை தானாக முன்னால் தலைகவிழும், ஏனென்றால் ஓரங்கள் முன்னே வருவதால் எடையும் முன்னால் தள்ளி நிற்கிறது. திருகை இறுக்கிப் பார்த்து, சரியாகாவிட்டால் கூடுதல் எடை தாங்கும் தாங்கி வாங்க வேண்டும். கட்டட வரைபடம் போடுபவர்கள் நேர்கோடு வளைந்து தெரிகிறது என்பார்கள். அது பழுது இல்லை, நேர் நடுவில் உட்கார்ந்தால் குறையும்.

பார்த்தீர்களா, முதல் கூட்டத்துத் தொல்லைகள் தட்டையான 29 அங்குலத்துக்கும் பொருந்தும். இரண்டாவது கூட்டம் 16:9 வளைவுத் திரைக்கும் பொருந்தும். ஒரே சொல்லாக அடைத்தால் கையேட்டில் ஒவ்வொரு வரிக்கும் விதிவிலக்கு எழுத வேண்டியிருக்கும்.

> திரையா, திரையகமா?

இரண்டும் வேண்டும். துடைப்பது திரையை, பின்பக்கம் கேபிள் மாட்டுவது திரையகத்தில். வகைப் பெயரில் மட்டும் சுருக்கமாகத் திரை என்றே இருக்கட்டும்.

ஆகவே என் முன்மொழிவு: மீயகலத் திரை, வளைவுத் திரை, இரண்டும் சேர்ந்தால் மீயகல வளைவுத் திரை. கூடவே பக்கப்பட்டை, திரைக்குறிப்பு. மறுப்பு இல்லையென்றால் அக்கா இவற்றை விக்சனரியில் ஏற்றிவிடலாம்.

ஒன்று மட்டும் என்னிடம் முடியாமல் கிடக்கிறது. இரண்டு கணினிகளின் படத்தை ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் வசதி. 5120×1440 திரையில் சரிபாதியாக இரண்டு 2560×1440 கிடைக்கும், மிக உபயோகமான விஷயம். 'இருபடக் காட்சி' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், ஆனால் பெரிய படத்தின் மூலையில் சின்னப் படம் காட்டும் வசதியையும் அது குறித்துவிடுகிறது. மானிட்டர் மெனுவில் இரண்டும் அடுத்தடுத்த வரிகள். சுருக்கமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், அந்தப் பக்கத்தை அதுவரை நிறுத்திவைக்கிறேன்.

அன்புடன்